ஸ்டியரின் டேங்க் வாயில் நான் மாட்டிய மூன்று வழி வால்வு: பேட்டன்ட் வாங்கலாமா?

பிறை பிட்டர்:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் சமையல் எண்ணெய் சேமிக்கிற ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டராக வேலை பார்க்கிறேன், கம்பெனி பேர் இங்கே வேண்டாம். செம்பனை எண்ணெயைப் பிரித்தால் தெளிந்து வருகிற பகுதி ஒலின், அதுதான் கடையில் புட்டியில் விற்பது. மிச்சம் கெட்டியாக நிற்பது ஸ்டியரின். நம்ம ஊர் வெயிலில்கூட அது மெழுகாக உறைந்துவிடும். அதனால் டேங்கில் 40 முதல் 45 டிகிரியில் வைத்திருப்போம், லாரிக்கோ கப்பலுக்கோ ஏற்றும்போது 60 முதல் 70 டிகிரிக்குக் கொண்டுபோவோம்.

பிரச்சினை எங்கே என்றால், பாய்லரை நிறுத்துகிற நாட்களில். டேங்கின் நடுவில் எண்ணெய் இளகித்தான் இருக்கும், ஆனால் அடியில் சக்‌ஷன் நாசில் (பம்பு எண்ணெயை உறிஞ்சுகிற வாய்) இருக்கிற இடம் முதலில் உறையும். ஸ்டீம் காயில் அதற்கு ஒரு முழம் மேலே ஓடுகிறது, நாசிலோ வெளியே துருத்திக்கொண்டு காற்றில் ஆறுகிறது. காலையில் கியர் பம்பைப் போட்டதும் சக்‌ஷன் பக்கத்து வேக்குவம் கேஜ் முள் ஒரேயடியாக இறங்கும், பம்புக்குள் கூழாங்கல் போட்டு உலுக்குகிற சத்தம் வரும். இத்தனை நாளும் வைத்தியம் என்னவென்றால் ஸ்டீம் ஓசைப் பைப்பின் மேல் பிடிப்பது, சுத்தியலால் தட்டுவது, மேண்டூரிடம் (மேற்பார்வையாளரிடம்) திட்டு வாங்குவது.

நான் செய்தது இது. டேங்குக்குள் நாசில் வாயைச் சுற்றி துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் ஒரு கூண்டு வைத்தேன், அதன் உள்சுற்றில் துளை போட்ட வளையப் பைப். பம்பின் டெலிவரியில் (எண்ணெய் வெளியேறும் பக்கத்தில்) ஒரு மூன்று வழி வால்வு. அதற்குள் கார் ரேடியேட்டர் தெர்மோஸ்டாட்டில் இருக்கிற மாதிரி மெழுகு அடைத்த குப்பி. எண்ணெய் ஆறியிருந்தால் வால்வு அதை வெளியே விடாது, திரும்பி வருகிற லைனுக்கு அனுப்பும். அந்த லைனில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஸ்டீம் ஜாக்கெட் போட்டிருக்கிறேன். அங்கே கொஞ்சம் சூடாகி, வளையத்தின் துளை வழியாகக் கூண்டுக்குள் பீய்ச்சி, வாயைச் சுற்றி உறைந்ததை இளக்கும். சூடு ஏற ஏற மெழுகு விரிந்து வால்வைத் தள்ளி, எண்ணெய் தானாகவே லாரி லைனுக்குத் திரும்பும். கரண்ட் வேண்டாம், சென்சார் வேண்டாம். பம்பு உறிஞ்சுகிறது அத்தனையும் அதன் வாய்க்கே திரும்பி வருவதால் சத்தமும் போச்சு. ஒரு மணி நேரத்துக்குள் லோடிங் ஆரம்பிக்க முடிகிறது.

இப்போது கேள்வி. கூட வேலை செய்கிற சீன நண்பர் ஒருவர் "இதைப் பதிவு செய், இல்லாவிட்டால் தவுக்கே (முதலாளி) தன் பேரில் போட்டுக்கொள்வார்" என்கிறார். பேட்டன்ட் கிடைக்குமா, எவ்வளவு அலைய வேண்டும், யாராவது செய்திருக்கிறீர்களா? வேண்டுமானால் டிராயிங்கும் போடுகிறேன்.

பேட்டன்ட் டிராயிங் கே.எல்.:

டிராயிங்கைப் போடாதீர்கள்! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை ராத்திரி வேலை முடிந்து எழுதுகிறேன். இதுவரை எழுதியதே கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நம் நாட்டுச் சட்டத்தில் கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் போதும், அது குறையாகாது. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது, அங்கே இந்தப் பதிவு ஒன்றே உங்கள் விண்ணப்பத்தைக் கவிழ்த்துவிடும்.

பட்டர்வொர்த் பழைய கை:

தம்பி, யோசனை நல்ல யோசனை. ஆனால் துண்டு துண்டாகப் பார்த்தால் ஒன்றும் புதிதில்லை என்பதையும் தெரிந்துகொள். கருப்பு எண்ணெய், தார் வைக்கிற டேங்குகளில் வாயில் மட்டும் சூடாக்குகிற சக்‌ஷன் ஹீட்டர் ரொம்ப காலமாக இருக்கிறது, டேங்க் முழுவதையும் சூடாக்காமல் எடுக்கிற அளவுக்கு மட்டும் இளக்குவதற்காகவே செய்தது. மெழுகுக் குப்பி வைத்த மூன்று வழி வால்வை நான் கப்பல் பட்டறையில் இருந்தபோது தினமும் பார்த்தவன், பெரிய டீசல் எஞ்சின்களில் லூப் ஆயில் (மசகு எண்ணெய்) கூலருக்குப் போகிற வழியில் அதுதான் உட்கார்ந்திருக்கும். நீ செய்தது இரண்டையும் முடிச்சுப் போட்டது. அதுவும் ஒரு வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை.

எனக்குக் கவலை வேறு. முதலாவது, வால்வு பாதி வழியில் நிற்கும்போது என்ன ஆகிறது? கியர் பம்பு சென்ட்ரிபியூகல் மாதிரி இல்லை. சென்ட்ரிபியூகலில் டெலிவரியை மூடினால் அது உள்ளேயே சுற்றிச் சூடாகும், உடனே ஒன்றும் உடையாது. கியர் பம்பு ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று தள்ளியே தீரும், வழி இல்லையென்றால் கேஸ்கெட், சீல், பைப், எது பலவீனமோ அது போகும். அதனால் உன் வால்வில் ஒரு வாய் மூட மூட இன்னொரு வாய் அதே அளவு திறக்க வேண்டும், நடுவில் இரண்டும் மூடியிருக்கிற ஒரு மில்லிமீட்டர்கூட இருக்கக் கூடாது. பம்புக்கு, அழுத்தம் மீறினால் திறந்து விடுகிற ரிலீப் வால்வு தனியாக இருக்கிறதா? வால்வுக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் இருந்தால் அது அலங்காரம்தான்.

இரண்டாவது, மெழுகுக் குப்பி ஓட்டை விழுந்து மெழுகு போய்விட்டால் ஸ்பிரிங் வால்வை எந்தப் பக்கம் தள்ளும்? ஆறின பக்கம். அதாவது எண்ணெய் எவ்வளவு சூடானாலும் "இன்னும் ஆறியிருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு ஜாக்கெட்டுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். கூண்டுக்குள் இருக்கிறது கொஞ்ச எண்ணெய், அதே எண்ணெய் திரும்பத் திரும்பச் சூடேறும். ராத்திரி ஷிப்டில் லாரி லைனுக்கு ஏன் எண்ணெய் வரவில்லை என்று யாரும் பார்க்காமல் விட்டால் காலையில் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். ஜாக்கெட் ஸ்டீமைச் சூட்டைப் பார்த்துத் தானாக மூடுகிற ஒரு தனி வால்வு போடு, அதுவும் கரண்ட் இல்லாததாகவே கிடைக்கும்.

மெர்தாஜம் லேப்:

அண்ணா, நான் எண்ணெய்த் தரம் பார்க்கிற லேபில் இருக்கிறேன், பம்பு வால்வெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியாது. "கார் ரேடியேட்டர் தெர்மோஸ்டாட் மாதிரி" என்று படித்ததும் பகீர் என்றது. மாதிரியா, இல்லை அதுவேதானா? கடையில் கிடைக்கிற தெர்மோஸ்டாட்டின் குப்பி பெரும்பாலும் பித்தளை. உள்ளே இருக்கிற மெழுகிலும் சூடு சீக்கிரம் பரவுவதற்காகச் செம்புத் தூள் கலந்திருப்பார்கள். சமையல் எண்ணெய் தொடுகிற இடத்தில் செம்பும் செம்புக் கலவையும் கூடாது, அதுவும் சூடான எண்ணெயில். செம்பு மிகக் கொஞ்சம் கரைந்தாலே எண்ணெய் சீக்கிரம் சிக்கு பிடிக்கும், எண்ணெய் கெடுவதைக் காட்டுகிற பெராக்சைடு எண் ஏறும். உணவுத் தரத்துக்கான சர்வதேசக் கோடெக்ஸ் வழிகாட்டியிலேயே டேங்க், காயில், வால்வு எதிலும் பித்தளையும் செம்பும் ஆகாது என்று இருக்கிறது. குப்பி வெடித்தால் மெழுகும் செம்புத் தூளும் நேராக லாரிக்குப் போகும், அதை அப்புறம் எந்த ஸ்ட்ரெய்னரும் பிடிக்காது.

அப்புறம் ஜாக்கெட்டுக்கு எத்தனை பார் ஸ்டீம் விடுகிறீர்கள்? ஹெட்டரிலிருந்து (ஸ்டீம் மெயின் பைப்பிலிருந்து) நேராக 7 பார் எடுத்திருந்தால் அதன் சூடு 170 டிகிரி. காயிலுக்கே 1.5 பாருக்கு மேல் போகக் கூடாது என்று சொல்கிறது வழிகாட்டி, அது 127 டிகிரி. எண்ணெயின் சராசரிச் சூடு 65 என்று உங்கள் தெர்மாமீட்டர் காட்டும், ஆனால் பைப் சுவரை ஒட்டி ஓடுகிற எண்ணெய் அதைவிட எவ்வளவோ அதிகச் சூட்டைப் பார்த்திருக்கும். நிறம் கருத்துப்போய் லேபுக்கு வருகிற சாம்பிளில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம், பட்டறைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு நல்ல வார்த்தையும் சொல்கிறேன். முழு டேங்கையும் ஒரு நாளைக்கு 5 டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதும் அதே வழிகாட்டியில் இருக்கிறது, ஆனால் லோடிங் அவசரத்தில் அதை யாரும் மதிப்பதில்லை. பாய்லர் வந்ததும் காயிலை முழுதாகத் திறந்து விடுகிறார்கள். வாயில் அடைப்பு இல்லை என்றால் அந்த அவசரமே பாதி குறையும். அந்த விதத்தில் உங்கள் கூண்டு எனக்குப் பிடித்திருக்கிறது.

பிறை பிட்டர்:

லேப் அக்காவுக்கு நன்றி. இப்போது இருப்பது பித்தளைக் குப்பிதான், முயற்சிக்குப் போட்டது. அந்த லைன் சாப்பாட்டுக்குப் போகிற டேங்கில் இல்லை, சோப்புக் கம்பெனிக்குப் போகிற ஸ்டியரின். ஆனாலும் நல்ல டேங்குக்கு மாற்றுவதாக இருந்தால் எஃகுக் குப்பி தேட வேண்டும் என்று புரிகிறது. ஸ்டீம் ஹெட்டரிலிருந்து நேராகத்தான் எடுத்தேன், அழுத்தத்தைக் குறைக்கிற ரெட்யூசிங் வால்வு ஒன்று ஸ்டோரில் கிடக்கிறது, மாட்டிவிடலாம்.

பழைய கை அண்ணே, ரிலீப் வால்வு பம்பு உடம்பிலேயே இருக்கிறது, திறந்தால் சக்‌ஷனுக்கே திருப்பும். வால்வு ஸ்லீவ் நீங்கள் சொன்ன மாதிரித்தான், ஒன்று மூடும்போது ஒன்று திறக்கிறது, கடைசலில் நானே கடைந்தது. மெழுகு போனால் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை நாளைக்கே பார்க்கிறேன். இன்னொன்று, டேங்க் மட்டம் கூண்டுக்குக் கீழே இறங்கினால் வளையம் காற்றில் பீய்ச்சி நுரை கட்டுகிறது. அதற்கு ஏதாவது வழி?

பட்டர்வொர்த் பழைய கை:

உடம்பிலேயே இருக்கிற ரிலீப் ஒரு நிமிஷ ஆபத்துக்கு மட்டும்தான் தம்பி. அதை நம்பி விட்டால் அதே கைப்பிடி எண்ணெய் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொதிக்கும், சீல் கருகும். வெளியே ஒன்று வைத்து டேங்குக்கே திருப்பு.

நுரைக்கு: வளையத்தின் துளைகளைக் கீழ்நோக்கி, தரையைப் பார்த்து வை. கூண்டுக்கு மேல் மூடி போட்டாயா? போடாவிட்டால் மட்டம் குறையும்போது சுழி விழுந்து மேலிருந்து காற்றை இழுக்கும், அது உன் வளையத்தின் குற்றம் இல்லை, எந்த அடிவாய்க்கும் வருகிறதுதான். குறுக்கே இரண்டு தகடு சிலுவை மாதிரி நிறுத்தினால் சுழி உடையும். உறைந்த எண்ணெய் மூடியின் மேல் ஏறாத மாதிரி சரிவாக வை. மட்டம் மூடிக்குக் கீழே வந்ததும் திரும்புகிற லைனைக் கையால் மூட ஒரு பால் வால்வும் வேண்டும்.

டேங்குக்குள் இறங்கினாய் அல்லவா, கேஸ் டெஸ்ட் போட்டு, பெர்மிட் எடுத்து, வெளியே ஆள் நிறுத்தித்தானே இறங்கினாய்? சோப்புக்குப் போகிற டேங்காக இருந்தாலும் மூடின இடம் மூடின இடம்தான். இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

டேங்க் பேச்சு வந்ததால் இன்னொன்று. உன் மாதிரி வேகமாக லோடிங் ஆரம்பிக்கிற வசதி வந்ததும் எல்லாரும் பம்பைப் பெரிதாக்கப் பார்ப்பார்கள். அப்போது கூரையில் இருக்கிற வென்டை (காற்று போக வர விடுகிற துளையை) பார். வெளியே போகிற எண்ணெய்க்குச் சமமாகக் காற்று உள்ளே வர வேண்டும். சாதாரணக் கூரை டேங்க் தாங்குகிற உள்வெற்றிடம் 0.25 கிலோபாஸ்கல்தான், வாய்க்குள் ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாலே அதைவிட அதிகம் வரும். பத்து மீட்டர் குறுக்களவுள்ள கூரைக்குக் கணக்குப் போட்டால் அதுவே இரண்டு டன் கனம். பெயின்ட் அடிக்க வந்தவன் வென்ட்டைப் பிளாஸ்டிக் பையால் கட்டி, அவிழ்க்க மறந்து, டேங்க் கூரை உள்ளே மடங்கிக் கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் பம்பு ஒன்றும் தெரியாத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

பேட்டன்ட் டிராயிங் கே.எல்.:

சரி, இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, பேட்டன்ட் ஏஜென்ட்டுகளுக்கு டிராயிங் போட்டுக் கொடுக்கிறவன், அதனால் கேட்டதும் பார்த்ததும்தான்.

பழைய கை ஐயா "துண்டு துண்டாகப் புதிதில்லை" என்றார். அது பேட்டன்ட்டுக்கு எதிரான தீர்ப்பு ஆகாது. பம்பு வரலாற்றில் பாதி அப்படித்தான் வந்தது. 1851இல் லண்டன் பெரிய கண்காட்சியில் ஆப்போல்ட் என்பவர் சென்ட்ரிபியூகல் பம்பில் இறக்கையை வளைத்து வைத்தார். பம்பு ஏற்கெனவே இருந்ததுதான், வளைவு மட்டும்தான் அவருடையது. அங்கேயே சோதித்துப் பார்த்ததில் நேர் இறக்கையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு திறன், 68 சதவீதம். இப்போது எல்லாத் தொழிற்சாலையிலும் டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கிற காற்றில் ஓடும் இரட்டை டயாபிரம் பம்பும், 1955இல் வில்டன் செய்தது, ரப்பர்த் தகடும் காற்றும் ஏற்கெனவே இருந்தவைதான். அதனால் "இணைத்தது மட்டும்தான்" என்று சோர்ந்து போகாதீர்கள். ஆனால் பரிசோதகர் கேட்பது வேறு கேள்வி: இந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்கு இந்த இணைப்பு தானாகத் தோன்றியிருக்குமா? ஐயாவின் பதிலைப் படித்தால் தோன்றியிருக்கும் போலத்தான் தெரிகிறது, முதல் மூச்சிலேயே இரண்டு உதாரணம் கொடுத்துவிட்டார். பேட்டன்ட்டுக்கு அங்கேதான் இடிக்கும்.

அதனால் யூட்டிலிட்டி இன்னொவேஷன் என்கிற சான்றிதழைப் பாருங்கள். நம் 1983ஆம் ஆண்டு பேட்டன்ட் சட்டத்திலேயே இருக்கிறது, பிட்டர்கள், பட்டறைக்காரர்களுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம், ஆனால் யாரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் "பேட்டன்ட்" என்கிற பேர்தான் வேண்டும். இதற்குப் புதிதாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும், அவ்வளவுதான். "தோன்றியிருக்குமா" என்கிற கேள்வி இல்லை. பதிலுக்கு உரிமைக்கோரிக்கை (எது உங்களுக்குச் சொந்தம் என்று சொல்கிற வாக்கியம்) ஒன்றே ஒன்றுதான் எழுதலாம், அதனால் அந்த ஒரு வாக்கியத்தில் எதைச் சேர்க்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. காலம் முதலில் 10 வருடம், பயன்பாட்டில் இருப்பதைக் காட்டினால் 5, மறுபடி 5. பேட்டன்ட் என்றால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்.

புதிதா இல்லையா என்பதை நீங்களே முதலில் தேடலாம், காசு கிடையாது. கூகிள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட் இரண்டும் போதும். சொல்லை வைத்துத் தேடினால் கடலில் விழுந்த மாதிரி, வகைக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். வால்வு எல்லாம் எஃப்16கே, பெரிய டேங்கும் அதன் உறுப்புகளும் பி65டி 88, பி65டி 90. கியர் பம்பு எஃப்04சி. சூடாக்கும் டேங்க் வாய், திரும்பும் லைன், மெழுகு வால்வு மூன்றும் ஒரே ஆவணத்தில் இருந்தால் கதை முடிந்தது. தனித்தனியாக இருந்தால் யூட்டிலிட்டி இன்னொவேஷனுக்கு வழி இருக்கிறது.

இனி முக்கியமானது, உங்கள் நண்பர் சொன்ன தவுக்கே விஷயம். அவர் பயந்தது வீண் பயம் இல்லை. கண்டுபிடிப்பது உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இல்லை என்றாலும்கூட, கம்பெனி செய்கிற தொழில் சம்பந்தமாக, கம்பெனி கொடுத்த சாமான், கடைசல், தகவலை வைத்துச் செய்திருந்தால், வேறு மாதிரி எழுதி வைக்காத வரைக்கும் உரிமை முதலாளிக்குப் போகும் என்கிறது சட்டம். டேங்க் அவர்களுடையது, கடைசல் அவர்களுடையது, ஸ்டோரில் கிடக்கிற ரெட்யூசிங் வால்வும் அவர்களுடையது. ஆனால் அதே பிரிவில் தொழிலாளிக்கு நியாயமான ஈடு கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது, பேசித் தீராவிட்டால் கோர்ட்டே அதை நிர்ணயிக்கும், உங்கள் சம்பளம், கண்டுபிடிப்பின் மதிப்பு, முதலாளிக்குக் கிடைத்த லாபம் எல்லாவற்றையும் பார்த்து. உரிமை யாருக்குப் போனாலும் கண்டுபிடித்தவர் என்று போட வேண்டியது உங்கள் பேரைத்தான். இதைப் பலர் கேட்டு வாங்குவதில்லை, சூப்பர்வைசர் பேர் போய் உட்கார்ந்துவிடும்.

வெளிநாட்டில் முதலில் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இங்கே வசிக்கிறவர் முதலில் இங்கே விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் அனுமதி வாங்க வேண்டும். பேட்டன்ட் பதிவு செய்கிற மைஇப்போ அலுவலகம் பெட்டாலிங் ஜெயாவில், பிஜே சென்ட்ரலில் இருக்கிறது. பினாங்கிலிருந்து ஏறி வர வேண்டியதில்லை, ஆன்லைனில் போடலாம்.

மெர்தாஜம் லேப்:

ஒரே கோரிக்கைதான் எழுதலாம் என்றால், அதில் குப்பி எஃகு என்று எழுத வேண்டுமா? எழுதினால் வேறொருவன் பித்தளையில் செய்து தப்பித்துக்கொள்வானே.

பேட்டன்ட் டிராயிங் கே.எல்.:

சரியாகப் பிடித்தீர்கள். கோரிக்கையில் எழுதக் கூடாது, விளக்கப் பகுதியில் எழுதலாம். எத்தனை துளை, எத்தனை டிகிரி என்பதும் அப்படித்தான். கோரிக்கையில் நிற்க வேண்டியது: பம்பின் டெலிவரி ஆறியிருக்கும்போது அதே பம்பின் சக்‌ஷன் வாயைச் சுற்றிய உறைக்குள் முழுவதும் திரும்புகிறது, சூட்டால் தானே இயங்கும் வால்வு அதை மாற்றுகிறது. உறிஞ்சியது அத்தனையும் வாய்க்கே திரும்புவதால் பம்பு பட்டினி கிடப்பதில்லை என்று பிட்டர் எழுதினாரே, எனக்குத் தெரிந்து புதிதாக இருக்க வாய்ப்புள்ள இடம் அதுதான். சக்‌ஷன் ஹீட்டரில் அது இல்லை, லூப் ஆயில் வால்விலும் இல்லை.

பிறை பிட்டர்:

அருமை. தவுக்கேயிடம் நேராகப் பேசலாமா, இல்லை எதையாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் பேச வேண்டுமா? ஆள் நல்லவர்தான், ஆனால் எச்.ஆர். வேறு மாதிரி.

பேட்டன்ட் டிராயிங் கே.எல்.:

எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். என்ன செய்தீர்கள், எந்தத் தேதியில், யார் கூட இருந்தார்கள் என்று இரண்டு பக்கம், போட்டோவோடு, மெயிலில். அதற்கும் முன்னால் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துக் கண்டுபிடிப்பு பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நான் மேலே சொன்னதில் பாதி மாறிப்போகும், அப்போது ஏஜென்ட்டிடம் காசு கொடுத்துக் கேட்பதுதான் நல்லது.

பட்டர்வொர்த் பழைய கை:

அதற்கும் முன்னால் அந்த ஸ்டீமைக் குறை.